அப்பாவின் மாருதிக்கு வீட்டிலேயே இன்ஜின் மாற்றினோம்

எங்கள் வீட்டு மாருதி 800, அப்பா 1997-இல் வாங்கியது. கார்பரேட்டர் வண்டி. நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையில் சம்பா அறுவடை நேரத்தில் நெல்லும் வைக்கோலுமாகப் பரப்பிக் கிடக்கும். போன தை மாதம் அதன்மேல் ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்து, ஆறியதும் ஆயில் மூடியைத் திறந்தேன். மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் நுரை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது நடுச் சிலிண்டர் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். ஹெட் அலுமினியம், ஏற்கெனவே ஒருமுறை சீவியாகிவிட்டது, இன்னொரு தடவை தாங்காது. சிலிண்டரைக் கடையும் ரீபோர், பிஸ்டன், வேறு ஹெட் என்று கணக்குப் போட்டால், நல்ல பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி வைப்பதே மேல் என்று தோன்றியது. வண்டியை எடைக்குப் போடச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த வண்டியில்தான்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்கு நேரில் போய் இன்ஜினை எடுத்தோம். 2000 வாக்கில் வந்த, கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். அதற்குக் கம்ப்யூட்டரும் வயரிங்கும் தனி. ஆம்னி இன்ஜினும் அதே 796 சி.சி. தான், ஆனால் அது முன்சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுவது. 800-இல் குறுக்குவாக்கு, முன்சக்கர ஓட்டம். அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது. சிலிண்டருக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன் பார்த்தோம், மூன்று சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து பி.எஸ்.ஐ.க்குள் இருந்தது. இன்ஜின் நம்பர் எழுதிய பில்லும், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகலும் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுத்தேன். பில் இல்லாமல் யாரும் வாங்காதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் வில்லங்கம் நம் வீட்டு வாசலுக்கு வரும்.

தூக்குவதற்கு என்ன வழி? ஃபில்டர் பாயிண்ட் என்னும் ஆழம் குறைந்த போர்களில் மோட்டார் இறக்கி ஏற்றும் அண்ணனிடம் மூன்று கால் குழாய் முக்காலியும், சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் கேட்டேன். "ரெண்டு நாள் வேலை இல்ல, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் இருந்த சிமெண்ட் தரையில் நிறுத்தினோம். மாமா மகன் ஒத்தாசைக்கு. மன்னார்குடியில் நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த பாய் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொன்னார்.

பேட்டரி, ரேடியேட்டர், கேபிள்கள், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் ஒரு காலையில் கழன்றுவிட்டன. ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எழுதினேன், செல்போனில் படமும் எடுத்தேன். சைலன்சர் போல்ட்டுகள் மட்டும் துருவேறி அசையவே இல்லை. இரவெல்லாம் டீசலில் ஊறவிட்டோம். கியர் ஆயிலை வடித்து, ஆக்சில் இரண்டையும் உருவி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே மேலே தூக்கினோம்.

தரையில் வைத்துப் பிரித்த பிறகு அவசரப்படவில்லை. வந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பின் ஆயில் சீல், கிளட்ச் செட் எல்லாம் புதிது. வெளியே இருக்கும்போது இதையெல்லாம் மாற்றுவது மிக எளிது. உள்ளே போன பிறகு ஒரு ஆயில் சீலுக்காக மறுபடி முக்காலி கேட்டு நிற்க வேண்டும்.

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் கருவி எங்களிடம் இல்லை. தச்சரிடம் அளவு கொடுத்து ஒரு மரக்குச்சி கடைந்து வாங்கினேன். அதை வைத்துத்தான், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை முடுக்கினோம். அப்படியும் கியர்பாக்ஸ் சேரும்போது அரை அங்குல இடைவெளி நின்றது. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று மச்சான் ஸ்பேனரை எடுத்தான். பாய் எழுந்தே வந்துவிட்டார். "போல்ட்டால இழுக்காதீங்க தம்பி, போல்ட் மாட்டுற காது உடைஞ்சிடும். சேரணும்னா கையாலேயே சேரும்." மச்சான் கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடிக்க, நான் புல்லி போல்ட்டை நூல் அளவு திருப்பினேன். இன்னும் ஒரு நூல். டக்கென்று ஒரு சத்தம். இடைவெளி மூடிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் இன்ஜின் உள்ளே உட்கார்ந்தது. பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடித்தோம். பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்தால், கார்பரேட்டர் வழியாகப் படீர் படீரென்று திருப்பி அடித்ததே தவிரப் பிடிக்கவில்லை. பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கள் பழையதைத்தான் மாட்டியிருந்தேன். புல்லிக் குறியை நேராக்கியவன், முதல் சிலிண்டர் எந்த ஸ்ட்ரோக்கில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு சிலிண்டரில் ஒருமுறை பெட்ரோல் எரிய இன்ஜின் இரண்டு சுற்று சுற்றும்; குறி இரண்டு சுற்றிலும் ஒரே இடத்தில்தான் வரும். முதல் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைக்கச் சொல்லி, பாய் புல்லியைத் திருப்பினார். விரலைக் காற்று தள்ளியது. அதுதான் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அதற்கேற்ப வைத்து, வயரை 1-3-2 வரிசையில் செருகினோம். அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். சத்தம் கேட்டே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் பழைய இன்ஜினைக் கொன்றது ரேடியேட்டர். சந்தெல்லாம் வைக்கோல் தூசி; உள்ளே, வருஷக்கணக்கில் ஊற்றிய அடிபம்புத் தண்ணீரின் உப்புப் படிவும் துருவும். அதை அப்படியே மாட்டியிருந்தால் புது இன்ஜினும் அடுத்த தைக்குள் போயிருக்கும். வேறு ரேடியேட்டர் போட்டு, கூலண்ட் ஊற்றி, காற்று முழுவதும் வெளியேறும் வரை மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டோம்.

காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, முன் அனுமதி வாங்காமல் இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவிக்க வேண்டும். பில்லோடு போய் ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்றினோம், இன்சூரன்ஸிலும் மாற்றினோம். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ரின்யூவல் உண்டு. நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் மாட்டுவோம்.

இப்போது அறுவடை மாதங்களில் வாரம் ஒருமுறை ரேடியேட்டருக்குப் பின்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பிடி வைக்கோல் தூள் முன்னால் வந்து விழுகிறது.