கோர்தோபாவின் இரட்டை வளைவு: ஐந்தாவது தாளில்தான் நின்றது

ஸ்பெயினின் கோர்தோபாவில், மசூதியாகக் கட்டிப் பின்னர் கதீட்ரலாக மாற்றிய மசூதிக் கதீட்ரலில், ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் இரட்டை வளைவுகளை வரைய எடுத்த முயற்சியில் நான்கு தாள்கள் வீணாகி, ஐந்தாவது தாளில்தான் அவை ஒருவழியாகத் தரையில் ஊன்றி நின்றன. வண்ணம் இன்னும் பாதிகூட ஏறவில்லை. முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்தால் எங்கெங்கே சறுக்கினேன் என்பது எனக்கே மறந்துவிடும் என்பதால், மை காய்ந்த கையோடு எழுதிவைக்கிறேன்.

பார்சிலோனாவில் ஒரு பருவம் படிக்க வந்திருக்கும் எனக்குத் தேர்வுகள் முடிந்ததும் பிப்ரவரியில் 12 நாள் விடுமுறை கிடைத்தது. பார்சிலோனாவில் தொடங்கி கிரனாதா, கோர்தோபா, செவீயா, தொலேதோ என்று சுற்றி வருவது, ஊருக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு தாள் என்பது திட்டம். துணைக்கு வந்தவள் என் அறைத்தோழி. மதுரைக்காரி, கட்டடப் பொறியியல் படிப்பவள், ஒரு கோடுகூட வரையமாட்டாள், ஆனால் நான் வரைவதில் உள்ள தவறு மட்டும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

பார்சிலோனாவில் கிடைத்த எளிய வெற்றிதான் எனக்குத் தலைக்கனத்தைத் தந்தது. 1906 முதல் 1912 வரை கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய காசா மிலா என்ற குடியிருப்புக் கட்டடத்தின் மேல்மாடத்தில் 270 செங்கல் வளைவுகள் விலா எலும்புகளைப் போல வரிசையாக நிற்கின்றன. அவை வட்டத்தின் துண்டுகள் அல்ல. இரு முனைகளைப் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி தன் எடையால் எடுக்கும் வடிவத்தைக் கவிழ்த்து வைத்தவை. குவெல் குடியிருப்புத் தேவாலயத்துக்காக 1:10 அளவில் கயிறுகளில் சிறு எடைப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டே கௌடி தம் வளைவுகளைக் கண்டறிந்தார். ஆகவே நானும் கழுத்திலிருந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்த தாளின் முன் தொங்கவிட்டு, பத்துப் பன்னிரண்டு இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். தாளை நேராகத் திருப்பியதும் வளைவு அப்படியே வந்து உட்கார்ந்தது. பின்னால் போகப்போகச் சிறுக்கும் வளைவுகளுக்கு மட்டும் சங்கிலியை ஒவ்வொரு முறையும் சற்றுச் சுருக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டதால், வளைவு வரைவது எனக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டு தெற்கே கிளம்பினேன்.

கிரனாதாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்குள்ள அல்ஹம்ப்ரா கோட்டையில், நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச மரபினர் கட்டிய அரண்மனைகளுக்குள் சீட்டில் குறித்த அரைமணிக்குள் நுழைய வேண்டும், நுழைந்தபின் கூட்டம் நின்று வரையவிடாது. சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாதியை வெளியே வளைத்து மறு பாதியை உள்ளே வளைத்தால் கிடைக்கும், சுவர்களில் பதித்த பறவை வடிவ ஓடு ஒன்றை மட்டும் கவராயத்தால் போட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். சிங்க முற்றத்தின் 124 தூண்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கோர்தோபாவில் நான் சென்றபோது காலை எட்டரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கட்டணமில்லாமல் உள்ளே விட்டார்கள். கிச்சிலி மரங்கள் நிற்கும் முற்றத்தைக் கடந்து உள்ளே போனால் கண்ணில் படுவது, கோர்தோபாவை ஆண்ட அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் கட்டத் தொடங்கிய பழைய பகுதி. ரோமானியர், அவர்களுக்குப்பின் முஸ்லிம்கள் வரும்வரை ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் ஆகியோரின் கட்டடங்களிலிருந்து கழற்றி வந்த தூண்கள் அங்கே நிற்கின்றன. ஒன்று வரியோடியது, ஒன்று வழவழப்பானது, ஒன்றின் தலைப்பு இன்னொன்றோடு ஒத்துப்போகாது. தூண்தலைகளின் வரிசையை, தூரத்தில் கோடுகள் எல்லாம் சேர்வதாகத் தோன்றும் மறைபுள்ளியை நோக்கி ஒரே கோட்டில் இழுத்த எனக்கு எந்தத் தலையும் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. என் கண்ணளவில்தான் பிழை என்று ஒரு மணி நேரமும் அழித்து அழித்துத் திருத்தினேன். உண்மையில் உயரம் குறைந்த தூணை அடிப்பீடமும் தலைப்பும் சேர்ந்து சரிக்கட்டியிருக்கின்றன. ஆகவே நம்ப வேண்டிய கோடு தூண்தலை அல்ல, அதற்கும் மேலே வளைவு கிளம்பும் மட்டம். இதை உணர்ந்தபோது காவலர் நேரம் முடிந்ததென்று சைகை காட்டிவிட்டார்.

அடுத்த தாளில், இரட்டையில் கீழே நிற்கும் குதிரை லாட வடிவ வளைவே என்னை ஏமாற்றியது. அரைவட்டம் போட்டுவிட்டு அதன் இரு கால்களையும் உள்நோக்கிச் சுழித்தால் லாடம் வந்துவிடும் என்று நினைத்தேன், வந்தது பூசணிக்காய். லாட வளைவு ஒரே வட்டம்தான். அதன் மையம் வளைவு கிளம்பும் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. விசிகோத்தியர் வளைவுகள் மையத்துக்குக் கீழே ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும் என்றும், கலீபாக்கள் ஆண்ட பத்தாம் நூற்றாண்டுக் கோர்தோபாவில் அது பாதியாகக் கூடியது என்றும் பொதுவான ஒரு கணக்கு உண்டு. அந்தப் பாதியை நினைவில் வைத்துக்கொண்டு மையத்தை உயர்த்தியதும் பூசணிக்காய் லாடமாயிற்று.

மூன்றாவது தாள் போன கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கூட்டத்துக்குப் பயந்து கிழக்குப் பக்கம் ஒதுங்கி, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கலீபாவின் அமைச்சர் அல்மன்சூர் எட்டு வரிசைகளைச் சேர்த்து அகலமாக்கிய பகுதியில் உட்கார்ந்தேன். சிவப்புக் கட்டங்களில் செங்கல் செங்கலாக இடுக்குகளை மெல்லிய பேனாவால் ஒரு வளைவு முழுக்க வரைந்து முடித்துவிட்டு அருகில் போய்ப் பார்த்தால், அங்கே செங்கல்லே இல்லை! பழைய பகுதியில் செங்கல்லும் வெளிர்க் கல்லும் மாறி மாறி அடுக்கிய வளைவை, இங்கே முழுவதும் கல்லிலேயே கட்டி மேலே சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செலவைச் சுருக்கிய அந்தக் கொத்தனார்களை நான் குறை சொல்லவில்லை. பார்க்காமலே வரைந்தது என் தவறு.

இந்தச் சறுக்கல்கள் எல்லாம் அன்றன்றைக்கே தீர்ந்தவை. என்னை உண்மையில் படுத்தியது நான்காவது தாள். மறுநாள் பழைய பகுதிக்கே திரும்பி, மட்டம் சரியாக, மையம் சரியாக, தூண்களின் இடைவெளியும் சரியாக வரைந்திருந்தேன். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாகக் கோடு இழுத்தால் அது தரையைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூண் வரும் என்ற பழைய உத்தி இங்கே நன்றாகவே உதவியது. இருந்தும் படம் தட்டையாக, மேல் வளைவும் கீழ் வளைவும் ஒரே அட்டையில் வெட்டி ஒட்டியதைப் போலக் கிடந்தது. நிழலைக் கூட்டினேன், கோட்டைத் தடித்தேன், எதற்கும் அசையவில்லை. தோள் வழியாக எட்டிப்பார்த்த அறைத்தோழி, "856 தூண் நிக்குதாம், உங்களுக்கு ஒண்ணுகூட ஒத்துழைக்கலையா அக்கா?" என்று முதலில் கேலி செய்தாள், பிறகு கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, இது கீழே ஒல்லி, மேலே தடி. நீங்க ரெண்டையும் ஒரே தடிமனா போட்டிருக்கீங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. மெல்லிய தூணின் தலைக்கு மேலே சுருள் சுருளாகச் செதுக்கிய தாங்குகற்கள் இருபுறமும் பிதுங்கி நின்று அகலத்தைக் கூட்டுகின்றன. அவற்றின்மேல் தூணைவிடத் தடித்த சதுரக் கட்டு எழுகிறது. அந்தக் கட்டின் உச்சியிலிருந்து கிளம்பும் அரைவட்ட வளைவுதான் கூரையைச் சுமக்கிறது. கீழே உள்ள லாட வளைவோ சுமை தாங்க வந்ததல்ல. உயர்ந்த கட்டுகள் ஒன்றையொன்று விட்டுச் சாய்ந்துவிடாமல் இடையில் முட்டுக் கொடுக்க வந்தது, அதனால்தான் மெல்லியது, அதனால்தான் அதற்கும் மேல் வளைவுக்கும் இடையே சுவர் வைத்து அடைக்காமல் வெட்டவெளியாக விட்டிருக்கிறார்கள். மேலே ஏன் அவ்வளவு தடிமன் என்று கேட்டதற்கும் அவளிடம் பதில் இருந்தது: கூரைகள் இணையாக ஓடுகின்றன, இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில் மழைநீர் ஓட வாய்க்கால் வேண்டும், அந்த வாய்க்கால் இந்தச் சுவர்களின் தலைமேல்தான் போகிறது. அடி பெருத்து நுனி சிறுக்கும் கட்டடங்களையே பார்த்துப் பழகிய என் கை, நான் அறியாமலே தடிமனைக் கீழே இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றிரவு விடுதியில் ஒரு ரசீதின் பின்புறத்தில் ஒரே ஒரு தூணின் குறுக்குவெட்டை மட்டும் ஆறேழு முறை வரைந்து பழகினேன். மறுநாள் காலை தாளில் வளைவுகளைத் தொடவே இல்லை. முதலில் மேல் வளைவின் அடிப்பரப்புக்கு, அதாவது நிமிர்ந்து பார்த்தால் தெரியும் அந்த உள்வயிற்றுக்கு, அகலமான பட்டை. பிறகு கீழ் வளைவுக்கு அதைவிடக் குறுகிய பட்டை. கீழ்ப்பட்டை மேல்பட்டையின் நடுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கமும் நழுவாமல் ஒரு மெல்லிய வழிகாட்டிக் கோடு. முன்முகத்தின் சிவப்பு வெள்ளைக் கட்டங்களை எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் பிரித்தேன். ஒன்பது இருபதுக்கு நோட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்தபோது லாட வளைவு பின்வாங்கி, மேல் வளைவு முன்னே வந்து, நடுவில் காற்று புகுந்திருந்தது. அறைத்தோழி ஒன்றும் சொல்லவில்லை. அவளிடமிருந்து அதற்குமேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

உள்ளே வண்ணப்பெட்டியைத் திறக்கத் தயங்கியதால், வண்ணத்தை விடுதி மேசையில்தான் தொடங்கினேன், அங்கே காத்திருந்தது அடுத்த எரிச்சல். பார்சிலோனாவில் ஒரு கடையில் 300 கிராம் பருத்தித்தாள் என்று சொல்லி விற்ற நோட்டு, நீர்த்த வண்ணத்தின் முதல் பூச்சை அமைதியாக ஏற்றுக்கொள்கிறது. செங்கல்லுக்கு வைத்த செம்பழுப்பான பர்ன்ட் சியென்னாவின் மேல் இரண்டாம் சுற்று ஈரம் பட்டதுமே பழைய துண்டைப் போலப் பஞ்சு பஞ்சாகச் சுருண்டு எழுகிறது. வெளிர்க் கல்லுக்கு மண்மஞ்சளான யெல்லோ ஓக்கரை ஒரே தடவையில் வைத்து, சிவப்பை அது நன்றாகக் காய்ந்தபின் தூரிகையைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைத்தால் மட்டும் தப்பிக்கலாம். மை, காய்ந்தபின் நீரில் கரையாத நிறமி மையாக இருந்ததால் கோடுகள் கலையவில்லை. செவீயாவில் ஒரு சிறிய கடையில் ஓரங்களில் பசை ஒட்டிய தாள்கட்டு ஒன்று வாங்கினேன்; விலை அதிகம்தான், ஆனால் மூலையில் மூன்று சுற்று நீர் விட்டுச் சோதித்தும் அசையவில்லை.

செவீயாவில் இருந்த ஒரே நாளில், கதீட்ரலின் மணிக்கோபுரமான ஹிரால்டாவின் உச்சிக்குப் படிகளுக்குப் பதிலாக உள்ள 35 சரிவுப்பாதைகளில் ஏறினேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு மினாரின் தலையில் 1568-இல் மணிக்கூண்டை முடித்தவர் எர்னான் ரூயிஸ். கோர்தோபாவில் தூண்காட்டின் நடுவே 1523-இல் கதீட்ரலை எழுப்பத் தொடங்கியவர் அதே பெயருடைய அவருடைய தந்தை. தந்தையின் வேலை எனக்குப் பிடிக்கவில்லை, வரிசைகளின் ஓட்டத்தை அது நடுவில் அறுக்கிறது. மகனின் வேலை பழைய கோபுரத்தோடு இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது.

ஒரு நாளுக்கு ஒதுக்கிய கோர்தோபா மூன்று நாளை விழுங்கிவிட்டதால் எனக்குத் தொலேதோ இல்லை. அறைத்தோழி மட்டும் தனியாகப் போய்வந்தாள். அடுத்த விடுமுறைக்கு மெரிதாவை வைத்திருக்கிறேன். அங்குள்ள ரோமானிய நீர்ப்பாலத்தின் தூண்களிலும் கல்லும் செங்கல்லும் மாறி மாறி வருகின்றன, வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கோர்தோபாவின் கொத்தனார்களுக்கு இந்த யோசனை அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்க்க ஆசை. செகோவியாவில் சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய நீர்ப்பாலம் அதற்கும் பிறகு.

ஐந்தாவது தாளில் முன்வரிசையின் இரண்டு வளைவுகள் மட்டும் வண்ணம் ஏறியிருக்கின்றன. பின்னால் போகப்போகச் சிவப்பை எவ்வளவு மங்கச் செய்வது என்பதைத் துண்டுத்தாளில் சோதித்துக்கொண்டிருக்கிறேன். துளி அல்ட்ராமரீன் நீலம் கலந்தால் சரியாக இருக்கிறது, இரண்டு துளி விழுந்தால் செங்கல் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விடுகிறது.