கூட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்

குடியை நிறுத்தி 7 மாதம் ஆகிறது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்), அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம், என்றால் என்ன என்று பலருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் அந்த நாற்காலியில் போய் உட்கார்வதற்குள் நான் பட்ட பாட்டை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தினமும் குடிப்பவர் யாராக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். மறுநாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, இரண்டாம் நாள் ராத்திரி சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது என்று மனைவியிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவள்தான் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சீட்டு போடும் இடத்தில் இருந்தவர், "குடி கேஸா? அப்படி ஓரமா நில்லு" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. டாக்டர் நல்லவர். வலிப்பு வந்து உயிரே போயிருக்கலாம், முதல் இரண்டு மூன்று நாள்தான் ரொம்ப ஆபத்து என்றார். 5 நாள் படுக்கை, பி1 வைட்டமின் ஊசி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த மாத்திரை. வெளியே வரும்போது, "உடம்பு தெளிஞ்சாச்சு, இனிமே ஏ.ஏ.க்குப் போங்க" என்று ஜெராக்ஸ் எடுத்த ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியல் பழையது. வீட்டுக்குப் பக்கம் என்று போட்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன், 7 மணிக் கூட்டத்துக்கு ஆறே முக்காலுக்கே நின்றேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன், "அவங்க இங்க வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே சார்" என்றார். பட்டியலில் இருந்த எண்ணும் உபயோகத்தில் இல்லை. திரும்பிப் போகிற பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே மதுக்கடை, ராத்திரி 10 மணி வரை திறந்திருக்கும். கையில் 200 ரூபாய். மனைவிக்குப் போன் போட்டு, பஸ் வரும்வரை வைக்காதே என்று சொன்னேன், அவள் ரேஷன் கடையில் நடந்ததிலிருந்து என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். அதனால் சொல்கிறேன், முதல் தடவை போகிறவர் கிளம்பும் முன் அந்தக் குழுவில் ஒருவரிடமாவது பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இரண்டு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்து திரும்பும் அந்தச் சாயங்காலம் சாதாரணமானதில்லை.

அடுத்த நாள் இணையத்தில் தேடினோம். மேலே வந்த எண்ணுக்கு மனைவி பேசினாள். அது ஒரு தனியார் மறுவாழ்வு இல்லம். "அட்ரஸ் மட்டும் சொல்லுங்கம்மா, நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போயிடுவோம், மூணு மாசப் பணத்தை முதல்லயே கட்டிடுங்க" என்றார்கள். பயந்து வைத்துவிட்டாள். இப்படிப்பட்ட இடம் எதுவானாலும் 2017 மனநலச் சட்டத்தின்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். அப்புறம் 14446 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசினோம், அங்கிருந்து விசாரித்து விசாரித்து ஏ.ஏ.காரர் ஒருவரின் எண் கிடைத்தது. அவர் முகவரி சொல்லவில்லை. "பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க தம்பி, நானே வர்றேன்" என்றார். வந்தார்.

அங்கேயும் ஒரு சிக்கல். அன்றைக்கு நடந்தது குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்ளும் கூட்டம், குடும்பத்தார் உட்கார முடியாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, அவளில்லாமல் வரமாட்டேன் என்றேன். உண்மையில் அது ஓடிப்போக ஒரு சாக்கு. "நீங்க போங்க, நான் படியில உக்காந்திருக்கேன்" என்றாள். ஒன்றரை மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே எல்லாம் சுலபமாகவே நடந்தது. பதிவேடு கிடையாது, கட்டணம் கிடையாது, பேச இஷ்டமில்லை என்றால் பேச வேண்டாம். பை ஒன்று சுற்றி வந்தது, புதிதாக வந்தவர் காசு போட வேண்டாம் என்றார்கள். சும்மா பேசினால் குடி எப்படி நிற்கும் என்று நான் கேட்டதற்கு, பக்கத்திலிருந்த பெரியவர், 1935-ல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் குடிநோயாளிகள் இரண்டு பேர், அதில் ஒருவர் டாக்டர், உட்கார்ந்து பேசியதில்தான் இது ஆரம்பித்தது என்றார். மூன்றாவது கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி, நானும் குடிநோயாளி என்றேன். ஆஸ்பத்திரி வரிசையில் என்னைக் கூசவைத்த அதே விஷயம், அங்கே சொன்னபோது எல்லாரும் வணக்கம் சொன்னார்கள்.

படியில் உட்கார்ந்த அன்றே மனைவிக்கு அல்-அனான் பற்றித் தெரிந்தது. குடிப்பவர்களின் வீட்டாருக்கான தனிக் கூட்டம் அது. அவள் அங்கே போனதால் ஒரு பெரிய ஆபத்து தப்பியது என்று பிற்பாடுதான் எனக்குத் தெரியும். நான் மறுபடி குடித்துவிடுவேனோ என்ற பயத்தில், தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கிற மாத்திரை வாங்க யாரிடமோ சொல்லி வைத்திருந்தாளாம். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மாதிரி மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவன் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்த்து, குடிப்பவனும் சம்மதித்துத்தான் அதைச் சாப்பிட வேண்டும். அங்கிருந்த ஒரு அக்கா எடுத்துச் சொல்லித் தடுத்திருக்கிறார்.

தீபாவளியன்று மச்சான்கள் மாடியில் பாட்டிலைத் திறந்தார்கள். "ஒரு நாள்தானே மாப்ள" என்று ஆரம்பித்ததும் கீழே இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைக் கூட்டிப் போனவருக்குப் போன் செய்தேன். அன்றும் கூட்டம் இருக்கிறது, வா என்றார். பட்டாசுச் சத்தத்தில் பேசுபவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. 9 பேர் இருந்தோம். வரும் வழியில் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில் இறங்கி, இப்போதைய முகவரியையும் என் எண்ணையும் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.