4299-இல் யாரும் இல்லை

மார்ச் 13

மாடி அறை. நிலையில் வேப்பிலை. என் மனைவி நேற்று மத்தியானமே அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று கையசைக்கக்கூட விடவில்லை.

முதுகில் மட்டும் முப்பத்தேழு சின்னம்மை முத்தாம். எண்ணியது அம்மா. எண்ணக்கூடாது என்று சொன்னதும் அம்மாதான்.

மார்ச் 14

தூக்கம் இல்லை. மாத்திரை 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். இரண்டு அலாரத்துக்கு நடுவில் அரிப்பு, வேறென்ன.

கட்டிலுக்கு அடியிலிருந்து வீ என்கிற வீடியோ கேம் பெட்டியை வெளியே இழுத்தேன். பெரியப்பா மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, ஆசை தீர்ந்ததும் என் தலையில் கட்டிய பெட்டி. அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் ஊர் பிளக்கில் நேரே செருகினால் அதோடு தீர்ந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ம்ம்ம் என்று ஓயாமல் முனகுகிறது. "அம்மா எறங்கியிருக்கிற வீட்ல என்னடா சத்தம்" என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். தாளிக்கிற சத்தமே மூன்று நாளாக இல்லாத வீடு.

ஆடுபுலி ஆட்டத்தை வீக்கு எழுதவேண்டும் என்று நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 23 புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. ரிமோட்டை டிவியை நோக்கி நீட்டி ஆட்டைப் பிடித்து வைக்கலாம், இந்த விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. லேப்டாப்பில் பாதி எழுதிய புரோகிராம் கிடக்கிறது. கம்பைலும் ஆகிறது. அதை வீக்குள் கொண்டுபோவதுதான் பாடு. எஸ்டி கார்டு வீயின் வாய்க்குள்ளேயே இருக்கிறது. கார்டு ரீடர் கீழே பீரோவில், அவள் புடவைகளுக்குப் பின்னால். பீரோ சாவி அவளோடு போய்விட்டது.

ஆக, வைஃபை. நாமே எழுதிய புரோகிராமை வீயில் ஓட்டவிடுகிற ஹோம்புரூ சானல், திறந்திருக்கும்வரை 4299-ஆம் போர்ட் என்கிற நெட்வொர்க் கதவில் காது வைத்துக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் வீலோடு என்று ஒரு குட்டிக் கருவி. வீயின் முகவரியைச் சொன்னால் புரோகிராமைச் சுருக்கி அந்தப் போர்ட்டில் தள்ளிவிடும், அந்தப் பக்கம் உடனே ஓடும். இவ்வளவுதான் விஷயம்.

திரையின் கீழ் மூலையில் நெட்வொர்க் ஐகான். இணைப்பு கிடைத்தால் பளிச்சென்று ஆகும். எனக்குச் சாம்பல். மூன்று மணி நேரமாகச் சாம்பல்.

வீயின் இணைப்புச் சோதனையில் பிழை எண் 51330. ரவுட்டர் தெரிகிறது, உள்ளே நுழைய முடியவில்லை. போன வருஷம் வந்த ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்கிற புதுப் பாதுகாப்பு முறை இல்லாமல் பேசாது. 2006-இல் பிறந்த பெட்டிக்கு டபிள்யூபிஏ2 வரைதான் படிப்பு. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்.

இரவு அத்தை போன். "சின்ன வயசுல ஒருத்திக்குப் போட்டுச்சு மாப்ள, நல்லா ஞாபகம் இருக்கு. இவளுக்கா சின்னவளுக்கா, அதான் தெரியல."

அவளுக்கு ஐந்தாம் மாதம்.

மார்ச் 15

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் அதன் அடிவயிற்றில் ஒட்டியிருக்கிறது. அக்கா மகன் கீழிருந்து கத்திப் படித்தான். "மாமா, இது ஓவா, சைபரா?" "ரெண்டையும் போட்டுப் பார்க்கிறேன், மேல சொல்லு." தெருவுக்கே பாஸ்வேர்ட் தெரிந்திருக்கும்.

வீட்டு வைஃபையின் பாதுகாப்பை ஒரு பழைய பொம்மைக்காக இறக்க மனம் வரவில்லை. கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று திறந்து, டபிள்யூபிஏ2 வைத்து, வீயை அதில் சேர்த்தேன். சோதனை பாஸ். பாஸ் ஆன கையோடு சிஸ்டம் அப்டேட் செய்யலாமா என்று கேட்டது. விரல் நுனியிலும் ஒரு முத்து இருப்பதால் ரிமோட் ஆடுகிறது, அம்புக்குறி 'ஆம்' மேலேயே நடுங்கியது. இது 4.2-இல் நிற்கிற பெட்டி. 2010 ஜூனில் வந்த 4.3 ஏறினால் ஹோம்புரூ சானலைத் துடைத்துவிடும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து 'இல்லை'யை அழுத்தினேன்.

ஐகான் வெள்ளை!

காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாளாம். ஐஜிஜி என்று ஒரு பரிசோதனை. ஏற்கெனவே வந்திருந்தால் அதில் தெரியும். வராதவள் என்றால் ஊசி போடவேண்டும், என்னோடு இருந்த நாளிலிருந்து பத்து நாளைக்குள். எனக்கு முத்துத் தெரிந்தது 12. அதற்கு இரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். பத்தாம் தேதி ராத்திரி ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

20-க்குள்.

மார்ச் 16

டைம்டு அவுட். டைம்டு அவுட். டைம்டு அவுட்.

வீலோடு அரை நிமிஷம் யோசித்துவிட்டு இதையே சொல்கிறது. ஐகான் வெள்ளைதான். ஹோம் பட்டனை அழுத்தினால் முகவரியும் காட்டுகிறது, அதைத்தான் அப்படியே கொடுக்கிறேன். இருக்கிறாயா என்று பிங் அடித்தேன், பதில் இல்லை. அப்போதே புரிந்திருக்கவேண்டும். காய்ச்சல் மூளை, சாயங்காலம்வரை வீலோடைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கெஸ்ட் நெட்வொர்க் என்றால் என்ன? தனி அறை, தனி டம்ளர். வெளியுலகத்தோடு பேசலாம், வீட்டாரோடு கூடாது. வீயை அதில் அடைத்தவன் நான்தான்.

கெஸ்ட்டை மூடிவிட்டு மெயினையே டபிள்யூபிஏ2-க்கு இறக்கினேன். அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. கறுப்புத் திரையில் 'ஆடுபுலி' என்று வந்து நின்றது. எழுத்து மட்டும்தான், வேறொன்றும் இல்லை. யாரிடமாவது காட்டவேண்டும்போல இருந்தது. அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நல்லா இருக்குங்க, தூங்குங்க" என்றாள்.

மார்ச் 17

ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு ஏன் லீவு?

மார்ச் 18

ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போனது. காலையில் அனுப்பினால் புதிதாக ஒன்று: ரெஃப்யூஸ்டு. கண்ணிமைப்பதற்குள் வந்து விழுகிறது.

டைம்டு அவுட்டும் இதுவும் ஒன்றில்லை. டைம்டு அவுட் என்றால் தட்டினேன், சத்தமே இல்லை, வீடே இல்லாமலும் இருக்கலாம். ரெஃப்யூஸ்டு என்றால் வீட்டில் ஆள் இருக்கிறது, ஆனால் 4299-ஆம் கதவில் யாரும் இல்லை என்று அந்த ஆளே எழுந்துவந்து சொல்வது. ஆள் யார்? ரவுட்டர் அணைந்து எழுந்ததில் முகவரிகள் இடம் மாறிவிட்டன. வீயின் பழைய முகவரியில் இப்போது உட்கார்ந்திருப்பது அக்கா மகனின் டேப். அவன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவன்மேல் ஆடுபுலியை எறிந்துகொண்டிருந்திருக்கிறேன். வீயின் பிறவி எண்ணான மேக் முகவரியைச் சொல்லி ரவுட்டரில் நிரந்தரமாக ஒரு முகவரி ஒதுக்கிவிட்டேன்.

(ஆட்டம் ஏற்கெனவே ஓடும்போது மறுபடி அனுப்பினாலும் போய்ச் சேராது. அப்போது ஹோம்புரூ சானலே அங்கே இல்லையே, யார் கேட்பது? இதற்கு இருபது நிமிஷம் போனது.)

சந்தேகத்துக்கு, நெட்வொர்க்கில் போவதைக் காட்டுகிற வயர்ஷார்க்கில் பார்த்தேன். வீலோடு முதலில் அனுப்புவது ஹெச், ஏ, எக்ஸ், எக்ஸ் என்று நான்கே எழுத்து. பிறகு பதிப்பு எண், அளவுகள், அப்புறம்தான் சரக்கு. வாசலில் நின்று பெயர் சொல்லிவிட்டு நுழைகிற மரியாதை. எனக்குப் பிடித்திருக்கிறது.

பாத்திரத்தை மாடிப்படியில் வைத்துவிட்டு அம்மா சொன்னாள், "அந்தப் பொட்டியை விட்டுட்டுக் கொஞ்சம் கண்ண மூடு." கூழ், சின்ன வெங்காயம். லேபிலிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 19, காலை 11.40

பாசிட்டிவ்.

மார்ச் 19, மதியம் 1.15

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் படம் வந்தது, அந்த ஒரு சொல்தான் கண்ணில் பட்டது. அவள் போன் எடுக்கவில்லை. அத்தையும் எடுக்கவில்லை. நான் மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டேன், அம்மா கீழே கைகளை விரித்து வழிமறித்தாள். ஒன்றரை மணி நேரம். ஒன்றரை மணி நேரமும் இருவரும் டாக்டர் அறைக்குள் இருந்திருக்கிறார்கள். போன் சைலண்டில்.

ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் நல்லது. எப்போதோ வந்துபோயிருக்கிறது, எதிர்ப்பு உடம்பிலேயே இருக்கிறது, ஊசி வேண்டாம். 'பாசிட்டிவ்' என்று அச்சடிக்கிறவர்கள் பக்கத்திலேயே 'பயப்படாதே' என்று ஒரு சொல் போட்டால் மை தீர்ந்துவிடுமா?

"அப்போ இவளுக்குத்தான் போட்டுருக்கு," என்கிறார் அத்தை, ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல.

மார்ச் 19, இரவு

எட்டு மணி நேரம் தூங்கினேன். அம்மா மாத்திரைக்குக்கூட எழுப்பவில்லை.

மார்ச் 20

பலகையை வரைய ஆரம்பித்ததும் டிஎஸ்ஐ எக்ஸப்ஷன், புரோகிராம் விழுந்துவிட்டது. திரை முழுக்க எண்கள். அப்படி நின்றால் பவர் பட்டனை நான்கு விநாடி அழுத்திப் பிடிக்கவேண்டும், மறுபடி ஏற்றி, ஐகான் வெள்ளையாகும்வரை காத்திருக்கவேண்டும். முத்து உடைந்த விரலால் பதினொரு தடவை.

திரையில் வருகிற ஸ்டாக் முகவரிகளை லேப்டாப்பில் ஆடர்-டு-லைனிடம் கொடுத்தால் எந்த வரி என்று சொல்லிவிடும். சொன்னது: பலகைப் படத்தைத் திறந்த இடத்துக்கு அடுத்த வரி. படம் திறக்கவே இல்லை, திறந்ததா என்று நான் பார்க்கவும் இல்லை.

ஏன் திறக்கவில்லை என்பதில்தான் நாள் போனது. கார்டிலிருந்து ஓடினால் புரோகிராமுக்குத் தன் முழுப்பாதையும் சொல்லப்படும். எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று அதை வைத்துத்தான் அதற்குத் தெரியும். வைஃபையில் வந்தால் வெறும் பெயர்தான். ஊர் பெயர் இல்லாத கடுதாசி. அது எந்த ஃபோல்டரில் போய்ப் படத்தைத் தேடும்? பாதையை முழுசாக, எஸ்டியிலிருந்து ஆரம்பித்து எழுதினேன்.

சரி, ஆனால் படங்கள் கார்டில் இல்லையே. ரீடர் பீரோவில். சாவி அங்கே.

சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது: வீலோடு ஜிப்பையும் அனுப்பும்! ஃபோல்டரைச் சுருக்கி அனுப்பினால், நிறுவவா என்று ஹோம்புரூ சானல் கேட்டு, தானே கார்டில் பிரித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரமாகச் சாவியை நினைத்துப் புலம்பியிருக்கிறேன்.

பலகை வந்தது. முக்கோணமும் குறுக்குக் கோடுகளும். மொட்டைமாடி ஜன்னலுக்கு வெளியே நின்று அக்கா மகன் பார்த்தான். "ஆடு இருக்கு. புலி எங்க மாமா?"

நாளைக்கு.

மார்ச் 22

முதல் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர், தலையில் விழுந்ததும் உடம்பெல்லாம் எரிந்து அப்புறம் குளிர்ந்தது. எல்லாம் பொருக்குக் கட்டிவிட்டது. இன்னும் இரண்டு தண்ணீர் ஊற்றாமல் கீழே விடமாட்டாளாம்.

புலி வந்துவிட்டது. இரண்டு நகர்கிறது. மூன்றாவது, உச்சியில் இருப்பது, தொட்டால் பலகையைவிட்டே வெளியே பாய்கிறது.

அவள் போனில், "சாவி என்கிட்டதாங்க இருக்கு, கேட்டிருந்தா பஸ்ல குடுத்து விட்டிருப்பேனே."

மார்ச் 23

மூன்றாவது புலி: 23 புள்ளிக்கு எண் கொடுக்கும்போது ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டேன். வரிசை பூஜ்யத்திலிருந்து. வெட்கம்.

ஆடு வெட்டுவது நாளைக்கு. அக்கா மகனை ஆடு பக்கம் ஆடச் சொல்லியிருக்கிறேன், ஜன்னலுக்கு வெளியே நின்றபடி எந்தப் புள்ளி என்று கத்தினால் போதும்.

மார்ச் 24

பத்து மணிக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. தனியாகவே இரண்டு பக்கமும் ஆடிப்பார்த்தேன், நான்கு ஆடு போயிற்று, வெட்டு சரியாகவே வேலை செய்கிறது. பதினொன்றரைக்கு அக்கா படிக்கு அடியில் நின்று கேட்டாள், "தெர்மாமீட்டர் உன் ரூம்லயாடா இருக்கு?"