சாரோட பத்து இலக்க நம்பர்

2147483647. பத்தாவது பி செக்‌ஷன் ஆளுங்களுக்கு இத பாத்ததும் கணக்கு சார் மொகம் வந்துருக்கும். கும்பகோணம் பக்கம் கணக்கு வாத்தியாருங்க எல்லாரும் ராமானுஜன் டவுன் ஹைஸ்கூல்ல படிச்ச கதையதான் எடுப்பாங்க, நம்மாளு அத தொடவே மாட்டாரு, அவருக்கு எல்லாமே 18-ஆம் நூற்றாண்டு ஸ்விஸ் கணக்கு மேதை ஆய்லர்தான்.

ரெண்ட 31 தடவ எழுதி எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கி அதுல ஒண்ணு கழிச்சா இந்த நம்பர். இது பகா எண்தானான்னு சாதாரணமா பாக்கணும்னா அதோட வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 46340 வரைக்கும் உள்ள பகா எண் ஒவ்வொண்ணாலயும் வகுக்கணும், அதுவே நாலாயிரத்துக்கு மேல இருக்கு. "யாருடா வகுக்குறீங்க?"ன்னாரு, ஒரு பயலும் கை தூக்கல. அப்பறம்தான் விஷயத்துக்கு வந்தாரு. இத வகுக்குற பகா எண் எதுவா இருந்தாலும் அதுல ஒண்ண கழிச்சா 62-ஆல மிச்சமில்லாம வகுபடணும், அதோட அந்த எண்ண 8-ஆல வகுத்தா மிச்சம் 1 இல்லாட்டி 7 தான் வரணும், ரெண்டையும் சேத்துப் பாத்தா 248-ஆல வகுத்து மிச்சம் 1 இல்ல 63 வர்ற பகா எண்ணுங்க மட்டும் போதும். நாலாயிரத்துல களை பறிச்சு பறிச்சு நூறுக்குள்ள வந்து நிக்கும்.

சம்பா அறுப்பு நேரம் அது. சார் சட்டைப் பையில நெல் கொள்முதல் நிலையத்து சீட்டு எப்பவும் கெடக்கும், அதோட பின்பக்கத்துலயே பென்சில்ல வகுக்க ஆரம்பிச்சுட்டாரு. முதல்ல மாட்டுறது 311, மிச்சம் 35. அடுத்தது 559-ன்னு ஒருத்தன் குதிச்சான், "அது பதிமூணு நாப்பத்தி மூணுடா"ன்னு மண்டையில ஒரு குட்டு (இப்பல்லாம் வாத்தியாரு அப்படி குட்டிட முடியுமா). அப்பறம் 1303, மிச்சம் 226. அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு, மீதி வீட்டுப்பாடம், செஞ்சவன் எவனும் இல்ல.

ஆய்லர் 1772-ல இது பகா எண்தான்னு பெர்னூலிங்கற அறிஞருக்கு எழுதுனப்ப அவருக்கு கண்ணு கிட்டத்தட்ட போயிருச்சு, அதான் சாருக்கு அவ்ளோ பக்தி. இதோட 2-ன் 30-ஆம் அடுக்க பெருக்குனா ஒரு நிறைவெண் வரும், 19 இலக்கம், அதோட வகுத்திகள (அந்த எண்ண விட்டுட்டு) கூட்டுனா அதே எண்ணே திரும்ப வரும். 1811-ல பீட்டர் பார்லோன்னு ஒரு இங்கிலாந்துக்காரரு இத விடப் பெரிய நிறைவெண்ண யாரும் கண்டுபுடிக்கவே போறதில்ல, ஏன்னா இதால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு எழுதி வச்சாரு. 1876-ல பிரான்ஸ்காரரு லூக்கா 39 இலக்கத்துல இதே மாதிரி ஒரு பகா எண்ண நிரூபிச்சாரு, 2024-ல கண்டுபுடிச்சது நாலு கோடி இலக்கத்தையும் தாண்டிருச்சு.

பிரயோஜனம்னா, 32 பிட் கம்ப்யூட்டர்ல பிளஸ், மைனஸ் குறியோட எழுதுற முழு எண்ணுக்கு உச்சமே இந்த நம்பர்தான். 1970-லேந்து செகண்ட எண்ணிக்கிட்டு வர்ற பழைய சிஸ்டங்க 2038 ஜனவரி 19, நம்ம ஊரு டைம் காலைல 8:44:07-க்கு இத தொட்டுரும், அடுத்த செகண்டே எண்ணிக்கை மைனஸுக்குப் பொரண்டு 1901-க்கு ஓடிரும். அந்த மாதிரி சிஸ்டத்த 64 பிட்டுக்கு மாத்துறதுதான் சிங்கப்பூர்ல இப்ப எனக்கு பொழப்பு.