பாஞ்சாலங்குறிச்சியில் வேஷம் கட்டிய போர்

மே மாதம் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கு ஊர் ஊராக ஜோதி ஓடிவரும்போது நெஞ்சு நிமிர்கிறது. கட்டபொம்மன் காலத்துப் போர்க்காட்சி என்று வேஷம் கட்டினால்தான் மனசு இரண்டாகிறது.

பாளையக்காரர் ஈட்டி ஏறத்தாழ 18 அடி நீளம். நெருக்கமாக வரிசை கட்டி முன்னே நீட்டினால்தான் அதற்குப் பலம். கூட்டத்துக்கு நடுவே திருப்பக்கூட முடியாது. ஆறடிக் கம்பில் அட்டை முனை ஒட்டிச் சுழற்றினால் போர் சிலம்பாட்டமாகிவிடும். துப்பாக்கியும் அப்படித்தான். தோட்டாக் காகிதத்தைக் கடித்துக் கிழித்து, துப்பாக்கியின் பற்றவைக்கும் கிண்ணியில் கொஞ்சம் மருந்திட்டு, மீதியைக் குழலில் கொட்டி, குண்டை வைத்துக் கம்பியால் இடித்து முடிக்க, பழகிய கைக்கே 20 விநாடி பிடிக்கும். ஈட்டிக்காரனுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். பட்டாசைக் கொளுத்திப் போட்டால் அந்த இடைவெளியே காணாமல் போகும்.

வைக்கோல் கலந்து குழைத்த மண்கோட்டை 1801 மார்ச் 31 அன்று கும்பினிப் படையை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை, திருப்பியனுப்பியது. மே 24 அன்றுதான் விழுந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் அந்த நாட்களை முழுசாக நடித்துக் காட்ட வேண்டும்.

ஆனால் 1799 அக்டோபர் 16, கட்டபொம்மனின் கயத்தாற்றுத் தூக்குக் காட்சி வேண்டாம். அதற்குப் பிள்ளைகள் கைதட்டுவதைத் தாங்க முடியாது. கும்பினியின் சிவப்புச் சட்டைக்குள்ளும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். போகிறவர்கள் பக்கத்திலுள்ள வெள்ளையர் கல்லறைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். வெயிலுக்கு முன், காலையிலேயே.