ஏற்காட்டுக் குளிருக்குப் பழைய பாணி உடை: பேண்ட்டில் தொடங்குங்கள்

மார்கழி, தை மாதங்களில் ஏற்காடு போகிறவர்கள் பலர், சேலத்தில் அரைக்கைச் சட்டையோடு கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடித்ததும் பெரிய ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். குளிரைத் தடுக்க அது போதும். ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், நடுவே பனிமூட்டம் இறங்கும், இரவில் 12, 13 டிகிரிக்குப் போகும். ஒவ்வொன்றாகக் கழற்றவும் போடவும் வசதி வேண்டும். சட்டை, கையில்லாத ஸ்வெட்டர், கோட்டு, மஃப்ளர் என்று 1930, 40களில் மேல்நாட்டு ஆண்கள் உடுத்திய முறை அதற்கு அவ்வளவு பொருத்தம்.

எல்லோரும் முதலில் கோட்டைத் தேடுகிறார்கள். தொடங்க வேண்டியது பேண்ட்டில். இப்போதைய பேண்ட் இடுப்பெலும்பில் நிற்கிறது. அந்தக் காலத்து அளவில் பின்னிய ஸ்வெட்டர் அதற்கு மேலேயே முடிந்துவிடும்; நடுவில் சட்டை பிதுங்கும், பைக்கில் குனிந்தால் முதுகில் காற்று ஏறும். பேண்ட் தொப்புள் உயரத்தில் நின்றால் ஸ்வெட்டரின் கீழ்ப்பட்டி அதன் மேலேயே வந்து உட்காரும்.

ரெடிமேடில் இது கிடைப்பது அபூர்வம், தைத்துக்கொள்வதே நல்லது. 32, 34 இடுப்புக்காரர்கள், கவட்டுத் தையலிலிருந்து முன்பட்டையின் மேல்விளிம்பு வரை 12 அங்குலம் கேளுங்கள். கடையில் இருப்பவை பெரும்பாலும் 9, 10தான். பக்கத்துக்கு 2 பிளீட் (இடுப்புக் கொசுவம்), பாட்டம் சுற்றளவு 17 முதல் 18, கீழே வெளிமடிப்பு 1¾ அங்குலம். இந்த மடிப்புக்குக் காலுக்கு 4 அங்குலத்துக்கு மேல் கூடுதல் துணி வேண்டும். வெட்டிய பிறகு சொன்னால் டெய்லரால் ஒன்றும் செய்ய முடியாது.

துணிக்கு கார்டுராய் எடுங்கள், நெடுக வரிவரியாகப் புடைத்திருக்கும் துணி அது. அங்குலத்துக்கு 11 முதல் 14 வரி உள்ளது போதும். 8 வரி தடிமனானது, மதியத்தில் புழுங்கும். 58 அங்குல அகலத்தில் 1.75 மீட்டர் வாங்குங்கள். வழக்கமான அளவைவிடக் கூடுதலாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கார்டுராயை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். துணியை மிச்சப்படுத்த ஒரு காலைத் தலைகீழாக வைத்து வெட்டினால், வெளிச்சத்தில் இரண்டு கால்களும் இரண்டு நிறமாகத் தெரியும். தைக்கக் கொடுக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவையுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே நீளம் குறையும். இஸ்திரி உட்புறமாகத் திருப்பித்தான், நேராக அழுத்தினால் வரிகள் நசுங்கிப் பளபளக்கும்.

சட்டைக்கு ஃபிளானல் கட்டம். ஸ்வெட்டர் மட்டும் கட்டாயம் கம்பளியாக இருக்கட்டும். பருத்தி பனியில் நனைந்தால் ஜில்லென்று உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் கதகதப்பாகவே இருக்கும்.

கோட்டுக்கு அளவு கொடுக்கும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே நில்லுங்கள். அக்குள் வெட்டு மேலே ஏறி இருக்கட்டும். தாராளமாக இருக்கட்டும் என்று அதை இறக்கினால், கையைத் தூக்கும்போதெல்லாம் கோட்டு முழுவதும் கூடவே எழும்பும். தோள் பஞ்சு வேண்டாம், முதுகில் அரை லைனிங் போதும். பிரான்சின் தொழிலாளர்கள் போட்ட மூன்று பாக்கெட் நீலக் கோட்டு இன்னும் எளிது, இங்கே எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

நிறத்தில் பழுப்பு, பாசிப்பச்சை, சந்தனம், கருநீலம். தொப்பி, மஃப்ளர், சஸ்பெண்டர் (பேண்ட்டைத் தாங்கும் தோள்பட்டி) மூன்றையும் ஒரே நாளில் போட்டால் நாடக வேஷமாகிவிடும், ஒன்று போதும்.

ஸ்வேட் ஷூ, அதாவது மேற்புறம் வெல்வெட் போலிருக்கும் தோல் ஷூ, பனியில் கறைபடும். ரப்பர் அடி வைத்த பழுப்புத் தோல் ஷூ எடுங்கள். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள், அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும். சேலம் திரும்பியதும் கம்பளியைத் துவைக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். வியர்வை படிந்த இடத்தைத்தான் பூச்சி முதலில் அரிக்கும். ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபடும், மடித்தே வையுங்கள்.