போப்பா மலையில் ஒரு முழுத்தேங்காய்

பர்மாவின் பழைய தலைநகர் பகானிலிருந்து போப்பா மலைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். வழியெல்லாம் பனையும் காய்ந்த நிலமும்தான். பிறகு சட்டென்று பச்சைக் காடு. அதன் நடுவே தூண் நட்டதுபோல் செங்குத்தான ஒரு பாறை, உச்சியில் பொன்னிறக் கோபுரங்கள். பர்மியர் அதைத் தாங் கலாட் என்கிறார்கள். பழைய எரிமலையின் தொண்டைக்குள் இறுகிப்போன குழம்பு அது. சுற்றியிருந்தவை காலப்போக்கில் கரைந்துவிட, இறுகியது மட்டும் நின்றுவிட்டது. அருகிலுள்ள 1,518 மீட்டர் உயரப் பெரிய மலையும் அணைந்த எரிமலைதான். போப்பா என்றால் பூ. நம் 'புஷ்ப'த்துக்கு உறவான சொல்.

உச்சிக்கு 777 படிகள், வெறுங்காலோடு. குரங்குகள் அசிங்கம் செய்த படிகளைத் துடைத்தபடியே ஒருவர் காணிக்கை கேட்டார். செருப்பில்லாதவன் மறுக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். கொடுத்தேன்.

மேலே புத்தரை வணங்கினேன், காடு பார்த்தேன், இறங்கினேன். என் மனம் நின்றது அடிவாரத்து நாட் சன்னதியில். நாட் என்பவர்கள் பர்மியர் வழிபடும் ஆவித் தெய்வங்கள். மொத்தம் 37 பேர். தலைவர் தஜ்யமின் வேறு யாருமல்ல, நம் இந்திரன். மற்றவர்களில் பெரும்பாலோர் அகால மரணமடைந்த மனிதர்கள். ஆளுயரச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. கைவிரல்களில் மடித்துச் செருகிய கியாட் நோட்டுகள், பர்மியப் பணம். மதுப்பிரியரான ஒரு நாட் தெய்வத்துக்கு பாட்டிலே படையல்! நம் ஊர்க் காவல் தெய்வத்துக்குச் சாராயம் வைப்பதைக் கண்டு வளர்ந்த எனக்கு அது வியப்பாக இல்லை.

இந்த மலையில் முதன்மையான நாட் மின் மகாகிரி. தகாங் ஊரில் பெரும் பலசாலியான கொல்லர். அவர் பலத்துக்கு அஞ்சிய அரசன் அவருடைய தங்கையை மணந்துகொண்டு, மைத்துனருக்குப் பதவி தருவதாக அழைத்தான். வந்தவரைச் செண்பக மரத்தில் கட்டித் தீ வைத்தான். தங்கையும் அந்த நெருப்பில் பாய்ந்தாள். இருவரின் ஆவியும் மரத்தில் குடியேறி, நிழலுக்கு ஒதுங்கியவர்களை எல்லாம் பலிகொண்டதால் மரத்தை வேரோடு பிடுங்கி ஐராவதியில் வீசினார்கள். அது மிதந்து பகானில் ஒதுங்கியது. பகான் அரசர் அந்த மரத்திலேயே இருவர் உருவையும் செதுக்கி இந்த மலையில் வைத்தாராம். ஓர் அரசன் கொன்றவரை இன்னோர் அரசன் கும்பிட வேண்டியிருக்கிறது. மதுரை வீரன் கதை கேட்டவர்களுக்கு இது புரியும்.

கடையில் ஒரு தேங்காயும் வாழைப்பழமும் வாங்கி, எங்கே உடைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். கார் ஓட்டி வந்தவர் பதறித் தடுத்தார். இங்கே உடைப்பதில்லையாம். வீடுகளிலும் சிவப்புத் துணி சுற்றி முழுத்தேங்காயைத்தான் மகாகிரிக்குத் தொங்கவிடுவார்களாம்.

"உடம்பெல்லாம் வெந்துபோனவர் ஐயா. இளநீர் அவருடைய காயத்துக்கு."

என் கையிலிருந்து தேங்காயை வாங்கி, காம்பு மேலே பார்க்கும்படி வாழைச் சீப்புகளுக்கு நடுவே நிறுத்திவைத்தார்.